சபைக் கட்டடம் இருக்கும்போது மோர்மன்களுக்குக் கோயில் எதற்கு?

அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினரான மோர்மன்கள் ஞாயிறு ஆராதனைக்குப் போவது பக்கத்திலுள்ள சபைக் கட்டடத்துக்கு. அங்கே யாரும் வரலாம். கோயில் வேறு, ஞாயிறன்று அது பூட்டியிருக்கும். சபைத் தலைவர்கள் நேரில் விசாரித்துத் தரும் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் உள்ளே போக முடியும். உள்ளே எல்லாருக்கும் வெள்ளை உடை.

கோயில் தேவைப்படக் காரணம், குடும்ப உறவு சாவோடு அறுந்துவிடக் கூடாது என்ற நம்பிக்கை. கணவன், மனைவி, பிள்ளைகளை நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்கு கோயிலில் மட்டுமே நடக்கும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரக் கோயிலை 1853 முதல் 1893 வரை, நாற்பது வருஷம் விடாப்பிடியாகக் கட்டினார்கள் என்றால் பாருங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது முன்னோருக்கான ஞானஸ்நானம். பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் தொட்டியில், என்றோ இறந்துபோன கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பதிலாக ஓர் இளவட்டம் முழுகி எழும். வம்சாவளியை அவர்கள் அப்படித் துருவித் துருவித் தேடுவது இதற்காகத்தான்.

இறந்தவரைக் கட்டாயமாக மதம் மாற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். மோர்மன்களின் போதனைப்படி இது வீடு தேடிப் போய்க் கல்யாணப் பத்திரிகை வைப்பது மாதிரி. ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் இஷ்டம்.