காயங்களை ஏன் பதிவு செய்து கண்காணிக்க வேண்டும்?

மருத்துவமனைகள் காயத்துக்குச் சிகிச்சை அளிக்கும்போது, அதன் காரணத்தையும் ஏன் பதிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நோய்களுக்கும் காயங்களுக்கும் குறியீடு தரும் பன்னாட்டு வகைப்பாடான ஐசிடி-10-இல் எஸ்72 என்பது தொடை எலும்பு முறிவு. சிகிச்சைக்கு அது போதும், தடுப்புக்குப் போதாது. படிக்கட்டில் விழுந்ததைக் குறிக்கும் டபிள்யூ10 உடன் சேர்ந்தால்தான் கைப்பிடி, வெளிச்சம், படியின் உயரம் என மாற்றக்கூடிய காரணங்களை ஆய்வாளர் தேட முடியும்.

பிரிட்டனின் கார்டிஃப் நகரில், தாக்கப்பட்டு அவசரப் பிரிவுக்கு வருவோரிடம் சம்பவம் நடந்த இடம், நேரம், பயன்பட்ட ஆயுதம் ஆகியவற்றை வரவேற்பு ஊழியர்களே கேட்டுப் பதிய, அடையாள விவரங்கள் நீக்கப்பட்டு அத்தகவல் காவல்துறையுடனும் நகர நிர்வாகத்துடனும் பகிரப்பட்டது. காவல்துறைக்கு எட்டாத பல தாக்குதல்கள் அதனால்தான் வெளிப்பட்டன, வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரும் ஒத்த பிற நகரங்களைவிடக் குறைந்தனர். ‘எங்கே நடந்தது’ என்ற கட்டம் வெறுமையாக விடப்பட்டால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது என்பதால், அதை நிரப்பும் ஊழியருக்குப் பயிற்சியும் நேரமும் தருவதையே முதல் செலவாகக் கருதுவேன்.