தொட்டியில் நொச்சி, தட்டில் கொசுப்புழு

மழை தொடங்கினால் தோட்டப் பகுதிக்கு வரும் கேள்விகள் உரத்தை விட்டுக் கொசுவுக்குத் தாவிவிடும். இந்த முறை அவற்றுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

நர்சரியில் 'கொசுவிரட்டிச் செடி' என்று சொல்லித் தந்ததை வாங்கி பால்கனியில் வைத்தேன். இரண்டு மாதம் ஆகிறது. இலை நன்றாக மணக்கிறது. கொசுவும் நன்றாகக் கடிக்கிறது. செடியில் குறையா, வைத்த இடத்தில் குறையா?
– வாசகி, தாம்பரம்

செடியிலும் இல்லை, இடத்திலும் இல்லை, விற்றவரின் வாயில்தான். அந்தப் பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது ஜெரேனிய இனத்தைச் சேர்ந்த 'சிட்ரோசா'. இலை வெட்டு வெட்டாக இருக்கும், தொட்டால் எலுமிச்சை வாசம் வரும். தொட்டால் மட்டும்தான் வரும் என்பதைக் கவனியுங்கள். வாசனை எண்ணெய் இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைபட்டிருக்கிறது. கசக்கினால் அவை உடைந்து எண்ணெய் வெளியே வரும். சும்மா நிற்கும் செடியிலிருந்து கசிவது மிகக் குறைவு; பால்கனிக் காற்றில் அதுவும் கரைந்துபோகும். 1990-களில் கனடாவில் இந்தச் செடியைச் சோதித்தபோது, கொசுக்கள் அதன் இலையிலேயே வந்து உட்கார்ந்து ஓய்வெடுத்தன.

துளசி, புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மாலையில் வெளியே உட்காரும்போது நாலைந்து இலையைக் கசக்கிக் கணுக்காலில் தேய்த்தால் சிறிது நேரம் பலன் தெரியும். வாசம் போனதும் பலனும் போய்விடும். செடியைத் தூக்கிப் போட வேண்டாம். அழகுக்கு இருக்கட்டும்.

எலுமிச்சைப்புல்லும் சிட்ரோனெல்லா புல்லும் ஒன்றா? டீயில் போடுவதற்கு வாங்கியது எது என்றே தெரியவில்லை.
– வாசகர், பொள்ளாச்சி

இரண்டும் உறவுக்காரப் புற்கள், ஆனால் ஒன்றல்ல. தூரின் அடியைப் பாருங்கள். வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் எலுமிச்சைப்புல், டீக்கு ஏற்றது. அடித்தாள் செம்பழுப்பாக இருந்தால் சிட்ரோனெல்லா. அது சமையலுக்கு ஆகாது, எண்ணெய்க்கு வளர்ப்பது. இலங்கையில் நெடுங்காலமாகப் பயிராகும் 'சிலோன்' ரகமும் ஜாவா ரகமும் இதில் உண்டு. கொசுவை விரட்டும் சிட்ரோனெல்லால், ஜெரானியால் இரண்டும் ஜாவா ரகத்தில்தான் அதிகம்.

வளர்க்க விதை தேட வேண்டாம். தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, 12 அங்குலத் தொட்டியில் இரண்டு மூன்று துண்டுகளாக நடலாம். தினம் 6 மணி நேர வெயில் வேண்டும். நிழலில் புல் நீளுமே தவிர மணம் ஏறாது. நான்கைந்து மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. மூன்று ஆண்டில் தூர் நெருங்கி நடு காய்ந்துவிடும், பிரித்து நடுங்கள்.

இதையும் மிகையாக நம்ப வேண்டாம். ஒரு கிலோ பசும்புல்லை வாலையில் (ஆவியாக்கி எண்ணெய் இறக்கும் கலம்) வடித்தாலும் 10 மி.லி. எண்ணெய் கிடைப்பது அரிது. தொட்டியில் நிற்கும் ஒரு தூர் வீட்டைக் காக்காது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

மாடித்தோட்டத்தில் 40 தொட்டி. துளசி, சாமந்தி, சிட்ரோனெல்லா எல்லாம் இருக்கிறது. ஆனாலும் பகலிலேயே கொசு கடிக்கிறது. பக்கத்தில் சாக்கடை எதுவும் இல்லை.
– வாசகர், மதுரை

சாக்கடை இல்லை என்பதே துப்பு. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இரவில் கடிப்பது. பகலில், அதிலும் காலையிலும் சாயங்காலத்திலும், காலைத் தேடிக் கடிப்பது ஏடிஸ், டெங்குவைப் பரப்புவது. அது நல்ல தண்ணீர் தேங்கும் சிறு பாத்திரங்களில் முட்டையிடும். 40 தொட்டி என்றால் 40 அடித்தட்டு இருக்குமே, அவற்றைத் தூக்கிப் பார்த்தீர்களா?

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லாத் தட்டையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, பலர் சறுக்குவது இங்கேதான். ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தட்டை எடுக்க முடியாத பெரிய தொட்டிகளுக்கு, தட்டின் விளிம்பு வரை ஆற்றுமணலை நிரப்பிவிடுங்கள். வடியும் நீரை மணல் பிடித்துக்கொள்ளும், மேலே தேங்காது. வேர் அழுகலும் குறையும்.

தட்டு முடிந்ததும் மற்ற இடங்களைப் பாருங்கள். கவிழ்க்காமல் வைத்த காலித் தொட்டி, பூவாளி, வெட்டிய மூங்கிலின் கணுக்குழி, சேம்பு, வாழை, புரோமிலியாட் இவற்றின் இலைக்கக்கம் (இலை தண்டோடு சேரும் இடத்துக் குழி), பாட்டிலில் தொங்கும் மணி பிளான்ட். இலைக்கக்கத்தில் வாரம் ஒருமுறை குழாயைப் பீய்ச்சி அடித்தால் புழு வெளியே வந்துவிடும். மணி பிளான்டை மண்ணுக்கு மாற்றுங்கள். அடம்பிடித்துப் பாட்டிலிலேயே வைப்பதானால், தண்ணீரை மாற்றும்போது வேரையும் கழுவுங்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது: கொசுவிரட்டிச் செடி என்று வாங்கி, அடியில் தட்டு வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால், அந்தச் செடி விரட்டுவதைவிட அதன் தட்டு வளர்ப்பதுதான் அதிகம்.

லாவண்டர், ரோஸ்மேரி சென்னையில் வருமா?
– வாசகி, வேளச்சேரி

ரோஸ்மேரி வரும், மணல் கலந்த மண்ணும், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீரும் கொடுத்தால். லாவண்டர் ஊட்டி, கொடைக்கானலில் நிம்மதியாக இருக்கும். சென்னைப் புழுக்கத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம். கொசுவுக்காக இரண்டையும் வாங்காதீர்கள்.

நொச்சி வைத்தால் கொசு வராது என்கிறார்கள். எப்படி நடுவது? தழையைப் புகைப்பது எப்படி?
– வாசகர், திருவாரூர்

பழைய வழக்கம் நொச்சியை வேலியாக வைத்தது, ஆடுமாடு வாய் வைக்காது என்பதால். கொசுவுக்குப் பயன்பட்டது தழை. மாட்டுத் தொழுவத்தில் மூட்டம் போட்டார்கள். மரம் நிற்பது வேறு, தழை புகைவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதில் வந்த நம்பிக்கை இது.

நடுவது எளிது. பென்சில் தடிமனில், மூன்று நான்கு கணு உள்ள முற்றிய போத்தை 20 முதல் 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றினால் துளிர்க்காது. வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் குழப்பம் வராது. வேலிக்கு இரண்டடி இடைவெளி. விட்டால் 10 அடிக்கு மேல் போகும், எனவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து. வெட்டும் தழைதான் உங்கள் மூட்டத்துக்கு.

தழையை இரண்டு நாள் நிழலில் வாட்டுங்கள். முழுக்கக் காய்ந்தால் பற்றி எரியும், பச்சையாக இருந்தால் கண்ணைக் கரிக்கும் புகைதான் வரும். மண்சட்டியில் கொட்டாங்கச்சித் தணலின் மேல் இரண்டு கைப்பிடி போடுங்கள். சூரியன் மறையும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து, ஆட்கள் வெளியே இருக்க, 15 அல்லது 20 நிமிடம். புகை கலைந்ததும் வலைக்கதவைச் சாத்துங்கள். வலை இல்லாவிட்டால் போன கொசு திரும்பிவிடும். ஆஸ்துமாக்காரர்களோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் மூட்டமே வேண்டாம். புகை எந்தத் தழையினுடையது என்று நுரையீரல் பார்ப்பதில்லை.

குழந்தைக்கு வேப்பெண்ணெய் தடவலாமா? எவ்வளவு?
– வாசகி, கும்பகோணம்

வயதை எழுதவில்லையே! கைக்குழந்தை என்றால் எந்த எண்ணெயும் வேண்டாம், கொசுவலைதான். பகல் தூக்கத்துக்கும் வலை.

பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் 100 மி.லி. தேங்காய் எண்ணெயில் 2 மி.லி. வேப்பெண்ணெய், அதாவது தேக்கரண்டியில் பாதிக்கும் குறைவு. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவுக்கு இந்த 2 சதவீதக் கலவை நன்றாக வேலை செய்ததாக இந்திய ஆய்வுகள் உண்டு. ஏடிஸிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். கை சூப்பும் பிள்ளைக்குக் கையில் தடவாதீர்கள். வேப்பெண்ணெய் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும்.

சிட்ரோனெல்லா எண்ணெய் என்றால் 100 மி.லி.க்கு 5 மி.லி.க்கு மேல் வேண்டாம். அது சீக்கிரம் ஆவியாகும், ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் தடவ நேரிடும். செடியிலிருந்து வரும் விரட்டிகளில் நீடித்து நிற்பது எலுமிச்சை யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பி.எம்.டி. (PMD) என்ற விரட்டிப் பொருள் கலந்தவை. மூன்று வயதுக்குக் கீழே கூடாது. நம் வீட்டு நீலகிரித் தைலம் வேறு மரத்தினுடையது, அது இதற்கு மாற்றல்ல.

அல்லித் தொட்டியில் கப்பி மீன் விட்டும் புழு நெளிகிறது. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

மீனுக்குத் தீனி போடுகிறீர்களா? போட்டால் அது புழுவைத் தேடாது. முதலில் அதை நிறுத்துங்கள். அடுத்து, அல்லி இலை தண்ணீரை முழுக்க மூடியிருந்தாலோ பாசி படர்ந்திருந்தாலோ, மீன் நுழையாத இடுக்கில் புழு ஒளிந்துகொள்ளும். நீர்ப்பரப்பில் பாதியாவது திறந்திருக்கும்படி பழுத்த இலைகளைக் கிள்ளி, பாசியைக் கையால் அள்ளி எடுங்கள். கனமழையில் தொட்டி வழிந்து மீன் வெளியேறியிருக்கவும் கூடும். விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே ஒரு துளை போட்டு வலை கட்டுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்துவைத்துப் பிறகு ஊற்றுங்கள். ஓரளவு பெரிய தொட்டிக்கு ஐந்தாறு மீன் போதும், அவை தாமே பெருகும். மிஞ்சியதைக் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன்குஞ்சுகளுக்கு அது எமன்.