திருநெல்வேலியில் உச்சிவெயில் 12 மணிக்கு வராமல் 12:20 வாக்கில் வருவது ஏன்? ‘மெட்ராஸ் நேரம்’ என்று ஒன்று இருந்ததாமே, அது என்ன ஆயிற்று?

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். நம் கையில் இருக்கும் கடிகாரம் திருநெல்வேலிச் சூரியனைப் பார்த்து ஓடவில்லை. உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர்ப் பக்கம், 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் வரும் சூரியனைப் பார்த்து ஓடுகிறது. அங்கே உச்சிப்பொழுது ஆகி 19 நிமிடம் கழித்துத்தான் நமக்கு ஆகும்.

கணக்கு எளிது. பூமி ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, சுற்ற 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். திருநெல்வேலி ஏறத்தாழ 77.7 பாகையில் இருக்கிறது. 82.5-இல் அதைக் கழித்தால் 4.8 பாகை, நான்கால் பெருக்கினால் 19 நிமிடம் 12 விநாடி. உங்கள் ஊருக்கு வேண்டுமென்றால் கைபேசி வரைபடத்தில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண் வரும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை; கணக்குக்கு இரண்டாவதுதான் வேண்டும். தென்காசிக்கு 77.31 என்று வைத்தால் கிட்டத்தட்ட 21 நிமிடம். திருச்செந்தூருக்கு 78.12, அதாவது பதினேழரை நிமிடம். பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே, கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் சூரியனில் மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

ஊருக்கு ஊர் சூரியனை வைத்தே பொழுது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த மூன்று நிமிடம் யாரையும் உறுத்தவில்லை. மாட்டுவண்டிக்கு நிமிடக் கணக்கு எதற்கு? நம்மிடம் இருந்த அளவு நாழிகை: நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், இரண்டரை நாழிகைக்கு ஒரு மணி. சூரியன் உதிக்கும்போது கணக்குத் தொடங்கும். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர் உதயம்.

ரயில் வந்த பிறகுதான் இது ஆபத்தானது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால், ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போக வேண்டும். இரண்டு டிரைவர் கையிலும் இருக்கும் கடிகாரம் பத்து நிமிடம் வேறுபட்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே பல நாடுகளில் பொது நேரத்தைக் கேட்டது முதலில் அரசாங்கம் அல்ல, ரயில்வேதான். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-இலேயே தன் ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் லண்டன் நேரத்தை வைத்தது. சட்டம் வந்தது 1880-இல்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1883 நவம்பர் 18-ஆம் தேதி ரயில் கம்பெனிகள் தாங்களாகவே மண்டலங்களைப் பிரித்துக் கடிகாரத்தைத் திருத்தின.

இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்தியாக வேண்டும். 1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய மாநாடுதான் உலகத்தை 24 நேர மண்டலமாகப் பிரித்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. 25 நாடுகள் கூடி முடிவு செய்தது, சுழியத் தீர்க்கரேகை கிரீன்விச் வழியாகப் போகும் என்பதும், உலகப் பொது நாள் ஒன்று அங்கிருந்து எண்ணப்படும் என்பதும்தான். எந்த நாடு எந்த நேரத்தை வைப்பது என்று அந்த மாநாடு எவரையும் கட்டுப்படுத்தவில்லை. கனடாவின் சான்ட்ஃபோர்டு ஃபிளெமிங் 24 மண்டலத் திட்டத்தை ஊர் ஊராகப் பேசி வந்தவர். அது ஒவ்வொரு நாடாக, பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்லத்தான் நடைமுறைக்கு வந்தது. வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்ற பிரான்ஸ் 1911 வரை பாரிஸ் நேரத்தை விடவில்லை.

இனி மெட்ராஸ் நேரம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. அங்கே ஜான் கோல்டிங்ஹாம் வியாழனின் நிலாக்கள் மறைந்து வெளிவரும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். அவருக்கு வந்த விடை 80 பாகை 18½ கலை (ஒரு பாகைக்கு 60 கலை), அதாவது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். 1802-இல் இதுவே மெட்ராஸ் நேரமாக நிலைத்தது. வியாழனின் நிலாவை வைத்து விநாடி வரை போன அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. தொலைநோக்கியைத் தாங்க அவர்கள் நட்ட கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறிப்போடு, சென்னை வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இப்போதும் நிற்கிறது.

கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம், பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடம். இரண்டுக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் மெட்ராஸ். நல்ல வானாய்வுக்கூடமும் அங்கேதான். தந்திக் கம்பி வழியாக நேரத்தை அனுப்பவும் வழி இருந்தது. இந்தக் காரணங்களால் 1870 முதல் இந்தியா முழுக்க ரயில்வே மெட்ராஸ் நேரத்தில் ஓடியது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கும், மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கும் 1876-இல் ரயில் வந்தது. திருநெல்வேலிச் சூரியனோ மெட்ராஸ் நேரத்துக்கு 10 நிமிடம் பின்தங்கியது. ஊர்ப் பொழுதை நம்பி ஸ்டேஷனுக்குப் போனவருக்கு வண்டியின் புகைதான் தெரிந்திருக்கும்.

1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று ஆனது. மெட்ராஸ் கடிகாரத்தை ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளினார்கள், அவ்வளவுதான்; நமக்கு இருந்த 10 நிமிட வித்தியாசம் 19 ஆயிற்று. நம் பக்கம் பெரிய எதிர்ப்பு இருக்கவில்லை. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் பிடித்து வைத்திருந்தன. ‘ஏன் அரை மணிக் கணக்கு, முழு மணியாக வைத்திருக்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. நாடு 68 பாகை முதல் 97 பாகை வரை நீண்டு கிடக்கிறது. நடுவில் ஒரு கோடு போட்டால் அது 82½-ஐ ஒட்டித்தான் விழும். 75-ஐ எடுத்தால் அசாம்காரருக்கு அநியாயம், 90-ஐ எடுத்தால் குஜராத்காரருக்கு. என் கணிப்பில் அரை மணிதான் சரியான முடிவு. இன்று இந்த நேரத்தைக் காப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சீசியம் அணுக் கடிகாரங்கள்.

கேள்வியில் 12:20 ‘வாக்கில்’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘வாக்கில்’ முக்கியம். 12:19 என்பது சராசரி. பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. இந்த இரண்டாலும் சூரியன் ஆண்டில் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்துவதால் நமக்கு உச்சி 12:33. நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடம் முந்துவதால் 12:03. ஒரே ஊரில் அரை மணி ஊசலாட்டம். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நான்கு நாளையொட்டி மட்டும் பிசகு கிட்டத்தட்ட இல்லை.

சோதித்துப் பார்க்க டிசம்பர் 25 நல்ல நாள். மொட்டைமாடியில் (நம்ம பக்கம் தட்டட்டி) ரசமட்டம் வைத்துச் சமமான இடத்தைத் தேடுங்கள். 30 செ.மீ. நேர்க்கம்பி ஒன்றை நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் செங்குத்தா என்று பாருங்கள். காலை பத்தரைக்கு நிழல் நுனியில் புள்ளி வையுங்கள். கம்பியின் அடியில் நூலைக் கட்டி, அந்தப் புள்ளி வழியாக வட்டம் போடுங்கள். ஆரம் 27 செ.மீ. அளவில் வரும். நிழல் உள்ளே சுருங்கி, மறுபக்கமாக நீண்டு, மதியம் மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். திருநெல்வேலியில் அது 2:08-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 10:30-க்கும் 14:08-க்கும் நடு 12:19. இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் அது கிழக்கு மேற்கு. மனையடிக்குச் சங்கு (நிழல் பார்க்கும் குச்சி) நாட்டித் திசை பார்த்த பழைய முறையும் இதுவே.

பலர் செய்யும் தப்பு, நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. உச்சிக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் அந்த நிழலின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. கண்ணால் பிடிக்கவே முடியாது. இன்னொன்று, சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலத் தட்டு. அதனால் நிழல் நுனி அரை செ.மீ. அளவுக்கு மங்கும், அது 3 நிமிடப் பிழை தரும். காலையில் மங்கலின் உள்விளிம்பைக் குறித்தீர்கள் என்றால் மதியமும் உள்விளிம்பையே குறியுங்கள். பிழை இரண்டு பக்கமும் சமமாகி அடிபட்டுப் போகும். உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்து நடு எடுக்கலாம் என்று சொல்வார்கள். திருச்செந்தூர்க் கரையில் உதயம் சுத்தமாகத் தெரியும், அஸ்தமனத்துக்கு மரமும் கட்டடமும் மறைக்கும். தென்காசி, பாபநாசம் பக்கம் என்றால் பொழுது அடையும் முன்பே மலை சூரியனை விழுங்கிவிடும். அந்த வழி வேண்டாம்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இந்த 19 நிமிடம் நேரடியாகக் கைவைக்கிற இடம் இருக்கிறது. தினசரிக் காலண்டரில் திங்கட்கிழமை ராகுகாலம் 7:30 முதல் 9 வரை என்று அச்சிட்டிருப்பது, உதயம் 6, அஸ்தமனம் 6 என்று வைத்துக்கொண்டு. ஜனவரி 28 வாக்கில் திருநெல்வேலியில் உதயம் 6:40, அஸ்தமனம் 6:24. பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 88 நிமிடம். திங்களுக்கு இரண்டாம் பங்கு, அதாவது 8:08 முதல் 9:36 வரை. உதயாதி நாழிகையும் அப்படியே. அன்று காலை 10:40-க்குப் பிறந்த குழந்தைக்கு உண்மை உதயத்திலிருந்து 4 மணி, சரியாக 10 நாழிகை. 6 மணி உதயம் என்று வைத்தால் 11 நாழிகை 40 விநாழிகை ஆகிவிடும். லக்னம் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. 19 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 5 பாகை. லக்னச் சந்தியில், அதாவது இரண்டு ராசி சேரும் எல்லையில், பிறந்தவருக்கு லக்ன ராசியே மாறிவிடும்.

வீட்டுப் பெரியவர்களின் பழைய ஜாதகத்தில் இன்னொரு பொறி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்திருந்தார்கள். அந்தக் காலப் பிறப்பு நேரம் கடிகாரம் பார்த்து எழுதியதாக இருந்தால் ஒரு மணி கழிக்க வேண்டும். சில ஜோதிட மென்பொருள் தானாகவே கழித்துவிடும். நீங்களும் கழித்து உள்ளிட்டால் இரண்டு மணி போய்விடும். ஆகவே 1944-இல் ஒரு நேரத்தையும் 1947-இல் அதே தேதி, அதே நேரத்தையும் கொடுத்து, காட்டும் லக்னம் ஒரு மணி அளவுக்கு, அதாவது 15 பாகை வாக்கில், விலகுகிறதா என்று முதலில் பாருங்கள். கொழும்பில் பிறந்த உறவுக்காரர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இலங்கை 1996 மே மாதம் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அந்த அக்டோபரில் அரை மணி திரும்பி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்கு வந்தது.

கம்பியும் வட்டமும் இல்லாமல் இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. திருநெல்வேலியின் அட்சரேகை 8.7 பாகை என்பதால், ஏப்ரல் 12 வாக்கிலும் ஆகஸ்ட் 30 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். இந்த இரண்டு நாளும், சூரியன் முந்தாமலும் பிந்தாமலும் இருக்கும் நாட்களை ஒட்டியே விழுவது நம் ஊருக்கு வாய்த்த பாக்கியம். அன்று ஒரு செம்பைக் கவிழ்த்து வெயிலில் வைத்தால், கடிகாரம் 12:20-ஐ ஒட்டி இருக்கும்போது அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். 12 மணிக்குப் பார்த்தால் மேற்கே இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும். சித்திரை முதல் நாளில் பார்த்தாலும் ஒரு மீட்டர்க் கம்பிக்கு ஒரு செ.மீ. நிழல்தான் மிஞ்சும், அதுவும் தெற்கே. ஏப்ரலில் மேகம் மறைத்தால் ஆகஸ்டில் பார்க்கலாம். குற்றாலப் பக்கம் அப்போது சாரல் மேகம் நிற்கலாம், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே பெரும்பாலும் வெயில் அடிக்கும்.