மொரீஷியஸிலிருந்து லு மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போகிறோம். தங்க இடம் எப்படிப் பிடிப்பது?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: மொரீஷியஸின் காத்ர போர்னிலிருந்து நான்கு பேர், அப்பா, அம்மா, நீங்கள், கல்லூரியில் படிக்கும் தம்பி, அடுத்த ஜூனில் பிரான்ஸிலுள்ள லு மான் நகரத்தில் நடக்கும் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்துக்குப் போகிறீர்கள். பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில் ஓட்டல் தேடினால் எல்லாம் நிரம்பியிருக்கிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டும் கட்டுப்படியாகாத விலை. மொரீஷியஸிலேயே எபெனில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரன் நான். ரோஸ் ஹில்லில் இருக்கும் மொரீஷியஸ் தமிழ் நண்பர் ஒருவரோடு போய்வந்திருக்கிறேன். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஓட்டல் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள், அங்கிருந்து படுக்கைக்கு எப்படிப் போவீர்கள்? பந்தயம் சனி மாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடிகிறது. சாம்ப் டெ மார்ஸ் குதிரைப் பந்தயத்துக்குப் போவதுபோல மதியம் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாது. தங்குமிடத்தைத் தப்பாகப் பிடித்தால் இரவு முழுவதும் கையைவிட்டுப் போய்விடும். லு மானின் உயிரே அந்த இரவில்தான் இருக்கிறது. ஜூனில் அங்கே இரவு 10 மணி வாக்கில்தான் சூரியன் மறையும். அதன் பிறகு விளக்கு வெளிச்சம் மட்டும் மரங்களுக்கு நடுவே பாய்ந்து வரும், வளைவுக்கு முன்னால் பிரேக் தட்டுகள் சிவந்து ஒளிரும், பின்னால் ராட்சத ராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் திரும்புவதற்காக யாரும் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டாம் என்பது என் எண்ணம்.

எனக்கு இந்த ஊரின் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் நம்மவர்கள். 2009-இல் எங்கள் ஊர்ப் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் ஆடி நிறுவனத்தின் காரை ஓட்ட வந்து, பந்தயம் தொடங்கும் நேரத்தில் தோளில் அடிபட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. 2012-இல் சென்னைக்காரர் கருண் சாந்தோக் தன் அணியோடு மொத்த வரிசையில் ஆறாவது இடம் பிடித்தார். அன்றிலிருந்தே ஒருமுறையாவது அந்த வேலியோரம் நிற்க வேண்டும் என்ற ஆசை.

ஓட்டல் ஏன் கிடைக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் தேடும் முறை மாறிவிடும். லு மான் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஊர். அண்மை ஆண்டுகளில் பந்தய வாரத்துக்கு வருபவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். நகரத்து ஓட்டல் அறைகளில் பெரும்பகுதியை அணிகளும் டயர்க் கம்பெனிகளும் பத்திரிகைக்காரர்களும் வெகு முன்னதாகவே எடுத்துவிடுகிறார்கள். ஆகவே வழக்கமான முன்பதிவுத் தளங்களில் கிடைப்பது மிச்சம்தான். மற்ற மூன்று லட்சம் பேர் எங்கே தூங்குகிறார்கள்? பெரும்பாலும் கேம்பிங்கில், உள்ளூர்க்காரர்கள் வீட்டில், ரயில் போகும் பக்கத்து ஊர்களில்.

நீங்களும் தம்பியும் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேம்பிங் போங்கள். தடத்தைச் சுற்றியுள்ள கேம்பிங் திடல்களைப் பந்தயத்தை நடத்தும் ஏ.சி.ஓ. சங்கமே தன் டிக்கெட் தளத்தில் விற்கிறது. விற்பனை பந்தயத்துக்குப் பல மாதங்கள் முன்பே திறந்துவிடும், சங்க உறுப்பினர்களுக்கு முன்னுரிமை உண்டு. இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று: கேம்பிங் கட்டணம் அந்த மனைக்கு மட்டும்தான். ஆளுக்கொரு நுழைவுச் சீட்டு தனியாக வாங்க வேண்டும். மெசோன் பிளான்ஷ், தெர்த்ர் ரூஷ் இரண்டும் தடத்தை ஒட்டியவை. கூடாரத்திலிருந்து வெளியே வந்தால் சத்தம் நெஞ்சில் இடிக்கும், தூக்கம் என்று ஒன்று இருக்காது. ஊ, போசெஷூர் போன்றவை பெரியவை. எதை எடுத்தாலும் ஏ.சி.ஓ. வெளியிடும் தட வரைபடத்தைத் திறந்து, வாசலிலிருந்து உங்கள் நுழைவாயிலுக்கு நடை எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடுங்கள். தடம் மட்டுமே 13.626 கிலோமீட்டர் நீளம். வரைபடத்தில் விரல் அகலம் தெரிவது காலுக்கு ஒரு மணி நேரமாக இருக்கலாம்.

இங்கிருந்து கூடாரம் சுமந்து போக வேண்டாம். லு மான் நகரத்தில் டெக்கத்லான் விளையாட்டுப் பொருள் கடையும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் இருக்கின்றன, இறங்கிய அன்றே வாங்கிக்கொள்ளலாம். கேஸ் அடுப்புக்கான சிலிண்டரை விமானத்தில் எப்படியும் விடமாட்டார்கள். காசு கொஞ்சம் கூடுதல் கொடுத்தால் கட்டில், மெத்தை, காலை உணவோடு ஏற்கெனவே அடித்துவைத்த கூடாரத்தை வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அது நல்ல நடுவழி. ஆனால் குளிரை மறக்காதீர்கள். நம் தீவில் ஜூன் குளிர்காலம், அங்கே கோடை என்று அம்மா நினைப்பார்கள். அந்தக் கோடையின் விடியற்காலை நம் கியூர்பிப் மேட்டுநிலத்துக் குளிரைவிட அதிகமாக நடுக்கும். 2024-இல் இரவில் கொட்டிய மழையில் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் விடும் பாதுகாப்புக் காரின் பின்னாலேயே எல்லாக் கார்களும் ஊர்ந்தன. அப்படி ஓர் இரவில் கூடாரத்தின் தரை விரிப்பு நல்லதாக இருப்பது எத்தனை முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்பா அம்மாவோடு என்றால் நான் உள்ளூர் வீடுகளைத்தான் சொல்வேன். பந்தய வாரத்தில் லு மான்காரர்கள் நிறையப் பேர் ஓர் அறையையோ முழு வீட்டையோ வாடகைக்கு விடுகிறார்கள். சிலர் வீட்டைக் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். பிரெஞ்சு பேசத் தெரிவது இங்கேதான் கை கொடுக்கும். நமக்கு அது பிறரிடம் இல்லாத பலம், தயங்காமல் பயன்படுத்துங்கள். அண்ணன் தளத்தில் செய்தி எழுதி நிறுத்திவிடாமல் வீட்டுக்கார அம்மாவை போனில் கூப்பிட்டுப் பேசினார். மொரீஷியஸ் என்றதும் அந்த அம்மாவின் குரலே மாறியது. இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் கதவு திறக்கலாமா, ஞாயிற்றுக்கிழமை இரவும் தங்கலாமா, சமையலறையில் சோறு வைத்துக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் பேசி முடித்தார். எழுத்தில் கேட்டிருந்தால் ஒரு வாரம் இழுத்திருக்கும்.

வீட்டைப் பிடிக்கும்போது ஒன்றில் கண் இருக்கட்டும். இந்தத் தடத்தின் பெரும்பகுதி சாதாரணப் பொதுச் சாலை. லு மானிலிருந்து முல்சான் போகும் டி338 சாலைதான் பந்தயத்தில் யுனோதியேர் என்று சொல்லப்படும் நீண்ட நேர்ச்சாலை. முல்சானிலிருந்து ஆர்னாஷ் பக்கம் போகும் சாலையும் தடத்தில் சேர்ந்ததுதான். பந்தயத்தின்போது இவை மூடப்பட்டிருக்கும். விளம்பரத்தில் "தடத்திலிருந்து 3 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்த 3 கிலோமீட்டரைக் கடக்க ஊரைச் சுற்றிக்கொண்டு நெரிசலில் போக வேண்டியிருக்கும். முல்சான், ஆர்னாஷ், ருவோதான் என்று எந்த ஊரில் வீடு கிடைத்தாலும், "பந்தய இரவில் இங்கிருந்து பிரதான நுழைவாயிலுக்கு நீங்களே எப்படிப் போவீர்கள்?" என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பாதையை எந்தச் செயலியும் சொல்லாது.

நகரத்துக்குள் டிராம் பாதை ஓரமாக வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. டி1 டிராம் ரயில் நிலையத்தின் வழியாகத் தடத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தாரெஸ் வரை போகிறது. பந்தய வாரத்துக்கென்று டிராமை ஓட்டும் செட்ராம் நிறுவனம் தனி நேர அட்டவணை வெளியிடும். அதில் சனி இரவு ஓட்டத்தைப் பார்த்துவிட்டே வீட்டை உறுதி செய்யுங்கள். அப்பா அம்மா இரவு 11 மணிக்குக் களைத்துப்போனால் டிராமில் ஏற்றிவிட்டு, நீங்களும் தம்பியும் விடியும்வரை நின்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ஓட்டுநர்களின் ஊர்வலமும் நகர மையத்தில்தான் நடக்கும், அம்மாவுக்குப் பந்தயத்தைவிட அதுவே பிடித்துப்போகலாம்.

விலை வித்தியாசத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பந்தய வாரம் என்று தெரியாமல் வழக்கமான விலையில் போட்டுவைத்த வீடு சில நேரம் கண்ணில் படும். நாங்கள் அப்படி ஒன்றை எடுத்தோம். தேதியைக் கவனித்த உரிமையாளர் சில வாரங்களில் ரத்து செய்துவிட்டு, அதே வீட்டைப் பல மடங்கு விலையில் மறுபடி போட்டார். பணம் திரும்பி வந்தது, ஆனால் அதற்குள் நல்ல வீடுகள் போய்விட்டன. ஆகவே முன்பதிவு செய்த கையோடு, "24 மணி நேரப் பந்தயத்துக்காக வருகிறோம், இந்தத் தேதியும் விலையும் சரிதானே?" என்று எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போதும் கவனம் தேவை: அதே ஊரில் ஏப்ரலில் மோட்டார் சைக்கிள்களுக்கான 24 மணி நேரப் பந்தயம் இருக்கிறது, மே மாதத்தில் மோட்டோ ஜிபி என்ற இன்னொரு மோட்டார் சைக்கிள் பந்தயம் வருகிறது, ஜூலையில் பழைய கார்களின் லு மான் கிளாசிக். பெயரை மட்டும் பார்த்துத் தேதியை விட்டுவிடக் கூடாது.

லு மானுக்குள் எதுவுமே அமையாவிட்டால் ரயில் ஊர்கள். ஆன்ஷே, தூர், லவால், அலான்சோன் நான்கிலிருந்தும் லு மானுக்கு நேரடி ரயில் உண்டு, எல்லாம் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். ஆன்ஷே எனக்குப் பிடித்தது, டிஜிவி என்ற அதிவேக ரயில் சீக்கிரம் கொண்டு சேர்க்கும். கடைசி ரயிலைத் தவறவிட்டால் காலைவரை வேறு வழியில்லை என்பதால், அங்கே தங்குகிறவர்கள் சனி இரவைத் தடத்திலேயே கழித்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கம்பளி, மழைக்கோட்டோடு போக வேண்டும்.

பாரிஸில் உறவினர் வீட்டில் தங்கிப் போய்வரலாமா என்று கேட்பீர்கள். நம் தீவில் யாரைக் கேட்டாலும் அங்கே ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவியில் லு மான் ஒரு மணி நேரம்தான், ஆகவே முடியும். ஆனால் உறவினர் வீட்டில் தங்குவதாகச் சொல்லி நுழைந்தால் எல்லையில் வரவேற்புச் சான்று கேட்கலாம். அதை உங்களை வரவேற்பவர் தன் ஊர் மேயர் அலுவலகத்தில் வாங்க வேண்டும், 30 யூரோ முத்திரைக் கட்டணம். அது கையில் வர வாரக்கணக்கில் ஆகலாம், முன்பே தொடங்கச் சொல்லுங்கள். மொரீஷியஸ் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு 90 நாள் வரை ஷெங்கன் விசா வேண்டாம். என்னைப் போல இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு விசா வேண்டும், அதற்கு எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். தங்குமிடமோ அதற்கும் முன்பே பிடித்தாக வேண்டியது. அதனால் விசா கிடைக்காவிட்டால் காசு திரும்பக் கிடைக்கும் வகை முன்பதிவையே எடுத்தேன். விலை கொஞ்சம் கூடியது, மனம் நிம்மதியாக இருந்தது.

சாப்பாட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். சார்ல் டி கோல் விமான நிலையத்திலிருந்து லு மானுக்கு நேரடி டிஜிவி இருக்கிறது. ஆனால் ஒரு நாள் முன்னதாக இறங்கினால் ஆர்.இ.ஆர். பி ரயிலில் பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்கு வந்து, பக்கத்து லாச்சப்பலில் தமிழ்க் கடைகளில் அரிசி, பருப்பு, ஊறுகாய், இரவுக்கு இடியாப்பம் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். கார் து நோரிலிருந்து மெட்ரோ 4-ஆம் எண் பாதை மாறாமல் மோன்பர்னாஸ் கொண்டுபோய் விடும். இங்கிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் எடுத்துப்போக ஐரோப்பிய விதிகள் இடம் கொடுக்காது, அம்மாவிடம் நெய்ப் புட்டியை வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஞாயிறு இரவுக்கும் இடம் பிடித்துவிடுங்கள். மாலை 4 மணிக்குக் கொடி விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், அன்று மாலை ரயிலில் இடம் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் நிலையத்துக்குள் நுழையவே வரிசை. தூங்காத உடம்போடு அப்பாவையும் அம்மாவையும் அந்த நெரிசலில் இழுத்துக்கொண்டு பாரிஸுக்கு ஓட வேண்டாம். வெற்றி மேடையைப் பார்த்துவிட்டு, மெதுவாக டிராம் ஏறி, குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். திங்கள் காலை ரயில், மாலை விமானம் என்று டிக்கெட் போடுங்கள். வீட்டுக்காரர் மூன்று அல்லது நான்கு இரவு குறைந்தபட்சம் என்றுதான் எப்படியும் கேட்பார், வியாழனிலிருந்து திங்கள் வரை கணக்குப் போட்டால் அதுவும் சரியாக வந்துவிடும்.