தரைவீட்டு முகப்புக்கு நிரந்தர எல்இடி விளக்கு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வணக்கம். 16 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கட்டட மின்பணியில் இருக்கிறேன். இயோ சூ காங் பக்கம் எங்கள் டெரஸ் வீட்டிலும், மாமனாரின் செமி-டி வீட்டிலும் கூரை ஓரத்தில் நிரந்தர விளக்குகளை நானே பொருத்தினேன். தேக்காவின் தீபாவளி ஒளியூட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "நம்ம வீட்டுக்கும் இப்படிப் போட்டால் என்ன, ஒவ்வொரு வருஷமும் ஏறி இறங்க வேண்டாமே" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பழுது என்று என்னிடம் வரும் விளக்குகளில் பெரும்பாலும் எல்இடி நன்றாகவே இருக்கும். தண்ணீர் புகுந்த ஓர் இணைப்புதான் வேலையைக் கெடுத்திருக்கும். அதனால் என் பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலேத்தார் ஹில்ஸ் சகோதரி: இதில் எதை நாங்களே செய்யலாம்? எதற்கு எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட வேண்டும்?

அடாப்டரை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. அடாப்டருக்கு அப்புறம் வரும் 12 அல்லது 24 வோல்ட் பக்கம் உங்களுடையது: விளக்கு, கம்பி, கிளிப், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம். அடாப்டருக்கு முன்னால் இருப்பது 230 வோல்ட். வெளியே புதிதாக ஒரு சாக்கெட் வேண்டுமென்றாலோ, சுவருக்குள் கம்பி இழுக்க வேண்டுமென்றாலோ, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். சட்டமே அப்படித்தான். அவரிடம் மழை தாங்கும் மூடி போட்ட வெளிப்புற சாக்கெட் கேளுங்கள். கூரை நிழலில், தரையிலிருந்து நல்ல உயரத்தில் வையுங்கள்.

அவர் வந்திருக்கும்போதே ஆர்சிசிபியையும் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தக் கருவிதான் மழையில் நனைந்த கையைக் காப்பாற்றும். 1985க்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் அது இல்லாமலே இருந்தது. இப்போது எல்லா வீட்டுக்கும் கட்டாயம். இருக்கிற வீட்டில் அதன் மேலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதன் சுவிட்ச் டக்கென்று கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் விளக்கு வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

ஜன்னல் இடுக்கு வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை வெளியே இழுத்து ஆண்டு முழுக்க விட்டுவைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஜன்னல் மூடித் திறக்க, மேலுறை நசுங்கி உள்ளே செம்பு தெரியும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சிராங்கூன் கார்டன்ஸ் தம்பி: கடைக்காரர் 12 வோல்ட்டே போதும் என்கிறார். எனக்கு 20 மீட்டர் வேண்டும். கடைசியில் இருக்கிற விளக்குகள் மங்கிவிடுமா?

மங்கும், நிறமும் மாறும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 20 மீட்டரில் 60 விளக்கு, ஒன்று 1 வாட், ஆக 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர், 24 வோல்ட்டில் 2.5 ஆம்பியர். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.023 ஓம். போக 20, வர 20 என்று 40 மீட்டருக்கு 0.92 ஓம். விளக்குகள் வழிநெடுகப் பரவியிருப்பதால் இழப்பில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 12 வோல்ட்டில் கடைசி விளக்குக்கு 2.3 வோல்ட் குறைந்து 9.7தான் போய்ச் சேரும். 24 வோல்ட்டில் குறைவது 1.15 மட்டும், 22.85 போய்ச் சேரும்.

நிறம் ஏன் மாறுகிறது என்றால், சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வேண்டும். அழுத்தம் குறையும்போது நீலம் முதலில் சோர்ந்துவிடும். அதனால்தான் வெள்ளை போட்டால் வாசல் பக்கம் வெள்ளையாகவும் கடைசியில் செம்மஞ்சளாகவும் தெரிகிறது.

24 வோல்ட் வாங்குங்கள். 12 வோல்ட்டை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் தூக்கிப் போட வேண்டாம், மின்சாரத்தை நடுவிலிருந்து ஊட்டுங்கள். இரண்டு பக்கமும் பாதி தூரம், பாதி மின்னோட்டம், ஆகவே இழப்பு நான்கில் ஒரு பங்கு. 2.3 வோல்ட் என்பது 0.6க்கு வந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: நடுவிலிருந்து ஊட்டுவது மின்சாரத்தை மட்டும்தான், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்ற கட்டளையைக் கொண்டுபோகும் டேட்டா கம்பி முதல் விளக்கிலிருந்தே போக வேண்டும். விளக்கின் முதுகில் இருக்கும் அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். அடாப்டர் எப்போதும் அதன் திறனில் 80 விழுக்காட்டுக்குள் ஓடட்டும். 60 வாட் விளக்குக்கு 100 வாட் அடாப்டர் வாங்கினால் நிம்மதி.

ஈசூன் அண்ணன்: எங்களுடையது வீவக வீடு. ஜன்னலுக்கு வெளியே போடலாமா?

வேண்டாம் அண்ணே. கட்டடத்தின் வெளிமுகம் நம்முடையது இல்லை. அதைவிட, பத்தாவது மாடியிலிருந்து ஒரு கிளிப் கழன்று விழுந்தாலும் கீழே நடப்பவரின் உயிருக்கு ஆபத்து. ஜன்னல் கம்பியின் உட்பக்கம் வெதுவெதுப்பான மஞ்சள் விளக்கைக் கட்டுங்கள், வெளியிலிருந்து பார்க்க அதுவே அழகாக இருக்கும். தாழ்வாரம் பொது இடம் என்பதால் நகர மன்றத்தைக் கேட்காமல் கூரையிலோ சுவரிலோ துளையிடாதீர்கள். கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓபரா எஸ்டேட்டிலிருந்து ஒருவர்: பெட்டியில் வந்த ஒட்டுநாடாவை வைத்து ஒட்டினேன். மூன்று மாதத்தில் பாதி தொங்குகிறது.

நம் ஊர் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் எந்த நாடாவும் தளர்ந்துவிடும். பாசி படிந்த சுண்ணாம்புச் சுவரில் கேட்கவே வேண்டாம். நாடாவைக் குறி வைத்துப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். நிரந்தரமாக நிற்க வேண்டியதற்கு 'எவர்சில்வர்' திருகாணியும் கிளிப்பும்தான். கடற்கரை ஓரம் என்றால் 316 ரகம் கேளுங்கள். கான்கிரீட்டில் 6 மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக், திருகாணி, அவ்வளவுதான். ஆனால் தட்டைக் கூரையின் மேற்பரப்பில் துளையிடாதீர்கள். அங்கே நீர்த்தடுப்புப் பூச்சு இருக்கும், ஒரே ஒரு துளை போதும், அடுத்த மழையில் படுக்கையறைக் கூரையில் கறை தெரியும். கூரை நீட்சியின் அடிப்பக்கம்தான் சரியான இடம். மழையும் நேராகப் படாது.

உட்லண்ட்ஸ் சகோதரர்: ஐபி67 என்று போட்டிருந்தும் ஆறு மாதத்தில் பாதி வரிசை செத்துவிட்டது. ஏன்?

ஐபி67 என்பது தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரக்குறி. அது விளக்குக்குத் தம்பி. நீங்கள் வெட்டி ஒட்டிய இடத்துக்கு அந்த எண் பொருந்தாது. நானும் இதை அனுபவித்துத்தான் கற்றேன். மாமனார் வீட்டில் முதல் முறை இணைப்புகளை நன்றாகச் சால்டர் பண்ணி (ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து), கையில் கிடைத்த சிலிகானைப் பூசினேன். எட்டு மாதம் கழித்துக் கழற்றியபோது சிலிகானுக்குள் செம்பு முழுக்கப் பச்சை. தொட்டதும் கம்பி பொடிப்பொடியாக உதிர்ந்தது. காரணம் அந்தச் சிலிகான்தான். காயும்போது காடி வாசனை வரும் ரகம் அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், செம்பைத் தின்னும். டியூபில் 'நியூட்ரல் கியூர்' என்று எழுதியிருக்கும் ரகத்தை வாங்குங்கள். வாசனையே வித்தியாசம் காட்டிவிடும்.

இப்போது நான் செய்யும் முறை இது. முதலில் சால்டர். அதன் மேல், சூட்டில் சுருங்கிக் கம்பியை இறுக்கும், உட்புறம் பசை வைத்த சுருக்கு டியூப். சூடு காட்டும்போது இரண்டு முனையிலும் பசை துளியாகப் பிதுங்கி வெளியே தெரிய வேண்டும், தெரியாவிட்டால் மறுபடியும் சூடு காட்டுவேன். அடுத்து, பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு கம்பியையும் நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே திருப்புவேன். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும், பெட்டிக்குள் ஓடாது. பெட்டியின் துளைகளுக்குக் கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட் போட்டே ஆக வேண்டும், அதில் சோம்பல் கூடாது. மழை புகாத இடத்தில்கூட எறும்பும் பல்லியும் புகும். கதகதப்பான பெட்டி என்றால் பல்லிக்குப் பிடித்த இடம், அது குறுக்கே கிடந்து ஷார்ட் ஆனதை இருமுறை பார்த்துவிட்டேன்.

ஜாலான் காயு தம்பி: வரிசையில் 23வது விளக்கு வரை எரிகிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை. மொத்தத்தையும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். எரியும் கடைசி விளக்கு, எரியாத முதல் விளக்கு, இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு. பெரும்பாலும் குற்றவாளி இந்த மூன்றில் ஒன்றுதான். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை 24வது விளக்கில் வைத்துப் பாருங்கள். மின்னழுத்தம் வந்தால் டேட்டா அறுந்திருக்கிறது, வராவிட்டால் மின்கம்பியே அறுந்திருக்கிறது. விளக்கைக் கட்டுப்படுத்தும் சில்லு டபிள்யூஎஸ் 2811 ரகம் என்றால், ஒரு சில்லு செத்தால் பின்னால் உள்ளவை எல்லாம் இருண்டுவிடும். டபிள்யூஎஸ் 2815 ரகத்தில் துணைக்கு இன்னொரு டேட்டா கம்பி இருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை ஓடும். புதிதாக வாங்குகிறவர்கள் இப்படித் துணை டேட்டா கம்பி உள்ள ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

பாசிர் ரிஸ் அக்கா: அமெரிக்காவில் இருக்கும் தங்கை ஒரு செட் வாங்கி அனுப்புகிறாள். இங்கே ஓடுமா?

அடாப்டரின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். '100–240 வோல்ட்' என்றால் மின்னழுத்தம் பொருந்தும். வெறும் 120 என்றால் இங்கே செருகிய நொடியில் புகைந்துவிடும். எப்படி இருந்தாலும் என் அறிவுரை: விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் 'சேஃப்டி மார்க்' முத்திரை உள்ள அடாப்டரை மின்பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் டவர் பக்கம் வாங்கிவிடுங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், வாட் கூடுதலாக இருக்கலாம்.

புவாங்கோக் வாசகர்: கரண்ட் பில் எகிறுமா?

எகிறாது. அதே 60 வாட் வரிசையை 40 விழுக்காடு வெளிச்சத்தில் ஓட்டினால் சுமார் 24 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஒரு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: எதிர்வீட்டு ஆன்ட்டி, படுக்கையறைக்குள் வெளிச்சம் வருகிறது என்கிறார். பண்டிகைதானே என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள், இன்றைக்கே சரி செய்துகொடுங்கள். விளக்கைத் தெருப்பக்கம் திருப்பாமல் சுவரைப் பார்த்துச் சாயுங்கள், சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி. அப்போது தெரிவது சுவரில் வழியும் ஒளி மட்டும், எல்இடியின் கூர்முனை யார் கண்ணையும் குத்தாது. ஓடும் நிறங்கள், மின்னல் வெட்டுகள் எல்லாம் தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள் ராத்திரிகளுக்கு 2700 கெல்வின் மஞ்சள் வெள்ளை. இதற்காகவே தனி வெள்ளை எல்இடி சேர்ந்த ரகத்தை நான் பரிந்துரைக்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வரும் வெள்ளை நீலம் பாரித்து ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அகல் விளக்கு வைக்கும் வாசலுக்கு அது ஒட்டவே ஒட்டாது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு மறைகிறது, முன்னே பின்னே போவது அரை மணி நேரம்தான். ஒளி உணரி எதற்கும் செலவழிக்க வேண்டாம். 7.15க்கு எரிந்து 11 மணிக்கு அணையும்படி ஒருமுறை வைத்தால் போதும்.

சிம்பாங் சகோதரி: இடி மின்னலுக்கு என்ன செய்வது?

திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் ஒன்று போடுங்கள். மழை மேகம் சூழ்ந்து வானம் இருட்டினால், இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள்.

சிலேத்தார் பக்கத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 68 வயது. இரண்டாம் மாடிக் கூரை ஓரத்துக்கு அவரே ஏணி வைத்து ஏறுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். எப்படித் தடுப்பது?

அந்த உயரத்துக்கு நானே ஏணியில் போவதில்லை அம்மா, சாரம் கட்டுகிறவர்களை அழைப்பேன். மாமனார் வீட்டிலும் அரைநாளுக்குச் சாரம் கட்டித்தான் செய்தோம். கீழ்மாடி உயரம் என்றால் ஏணி போதும்: நான்கு அடி உயரத்துக்கு ஓரடி அடிப்பக்கம் தள்ளி, ஈரமில்லாத தரையில், ஒருவர் பிடித்துக்கொண்டு.

அப்பாவை வேலையிலிருந்து விலக்கினால் மனம் வருந்துவார், வேலையில் பெரும்பகுதி தரையில்தான் இருக்கிறது என்று காட்டுங்கள். கார் போர்ச்சில் விளக்கு முழுவதையும் விரித்து, ஒவ்வொரு இணைப்பையும் அவர் சால்டர் பண்ணட்டும், சுருக்கு டியூபில் பசை பிதுங்குகிறதா என்று அவரே பார்க்கட்டும். பிறகு தண்ணீர்க் குழாயால் நன்றாக நனைத்து, அதற்குப் பிறகு அடாப்டரைச் செருகி ஒரு ராத்திரி முழுக்க எரியவிடச் சொல்லுங்கள். அடாப்டரும் பிளக்கும் உலர்ந்த இடத்தில் இருக்கட்டும். காலையில் எழுந்ததும் எந்த விளக்கு சோர்ந்திருக்கிறது என்று எண்ணி அவர் சொல்லும் வரை யாரும் மேலே ஏற வேண்டாம்.