பாஸ் பிடிக்கக் கிராஃபிஷ் லூர்: கேள்விகளும் பதில்களும்

தெளிந்த தண்ணீரில் மிரண்டு கிடக்கும் பாஸ் என்னும் நன்னீர் மீனைச் சின்ன லூரும் (செயற்கை இரை) மெல்லிய தூண்டில் நரம்பும் வைத்து ஏமாற்றிப் பிடிப்பதுதான் ஃபினெஸ் முறை. கிராஃபிஷ் என்பது கொடுக்குள்ள, இறால் போன்ற ஒரு நன்னீர் உயிரி; அதன் வடிவில் செய்த மென்மையான பிளாஸ்டிக் லூர் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, புழு லூரிலேயே மீன் கிடைக்கிறது. கிராஃபிஷ் எதற்கு?

சேற்று அடியில் புழுவே போதும் தம்பி. கல்லும் பாறையுமாக இருக்கிற இடத்தில்தான் கிராஃபிஷ் பதுங்கியிருக்கும், பாஸும் அதைத் தேடித்தான் அங்கே வரும். ஸ்மால்மவுத் என்ற வகை பாஸுக்கு அது முக்கியமான இரை.

கேள்வி: எந்த அளவு, எவ்வளவு எடை?

இரண்டரை முதல் மூன்று அங்குலம். காளான் வடிவ எடைத் தலை கொண்ட தூண்டில் முள்ளில் (ஜிக்) கோத்துப் போடுங்கள், இந்த அமைப்புக்கு நெட் ரிக் என்று பெயர். ஆழம் ஏழெட்டு அடிக்குள் என்றால் 1/16 அல்லது 1/10 அவுன்ஸ், காற்றும் ஆழமும் கூடினால் 1/6. அடியைத் தொடுவது கைக்குத் தெரிகிற வரை எடையைக் குறைத்துக்கொண்டே போகலாம். முள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மரக்கிளைகள் கிடக்கும் இடத்தில் மட்டும் இது வேண்டாம், அங்கே முள்ளைப் பிளாஸ்டிக்குக்குள் மறைக்கிற டெக்சஸ் ரிக்.

கேள்வி: விடாமல் இழுக்கிறேன், ஒரு மீனும் தொடவில்லை. என்ன தப்பு?

விடாமல் இழுப்பதுதான் தப்பு! கிராஃபிஷ் சாதாரணமாக அடியில் மெல்ல ஊர்ந்துதான் போகும். பயந்தால் வாலை மடக்கி அடித்துப் பின்பக்கமாகப் பாயும், அப்புறம் நின்று கொடுக்கைத் தூக்கிக் காட்டும். லூரின் வால் பக்கத்தை ஜிக்கின் தலையோடு சேர்த்துக் கோப்பதே இதற்காகத்தான், நீங்கள் இழுக்கும்போது அதுவும் பின்பக்கமாகவே வரும். ஆகவே எறிந்ததும் நரம்பைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, அது இறங்குவதையே பாருங்கள், பல கடிகள் அப்போதே வரும், நரம்பு ஓரமாக நகர்வதைத் தவிர வேறு அடையாளம் இருக்காது. அடியில் பட்டதும் ஐந்து பத்து விநாடி சும்மா விடுங்கள், பிறகு ராட் (தூண்டில் கோல்) நுனியால் ஒரு சின்னத் தட்டு, மறுபடி நிறுத்துங்கள். மிதக்கும் வகைப் பிளாஸ்டிக் என்றால் அந்த நேரத்தில் கொடுக்கு தானாக மேலே எழுந்து நிற்கும். ஒரு குளிர்ந்த காலையில் ரீலில் விழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன், லூர் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் கிடந்தது, சிக்கலை எடுத்து நரம்பை இறுக்கினால் மறுமுனையில் நல்ல கனமான மீன். அன்றிலிருந்து நிறுத்தும் நேரத்தை இரண்டு மடங்காக்கிவிட்டேன்.

கேள்வி: நிறம்?

தெளிந்த தண்ணீருக்குப் பழுப்பும் கரும்பச்சையும், கலங்கலுக்குக் கறுப்பு-நீலம். கரையோரம் இரண்டு கல்லைப் புரட்டி அங்கே இருக்கிற கிராஃபிஷையே பாருங்கள், அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

கேள்வி: மீன் கடிக்கிறது, ஆனால் முள் ஏறுவதில்லை சார்.

வெட்டி இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த ஜிக்கில் முள் மெல்லிய கம்பி, நரம்பும் மெல்லியது. தொய்வை ரீலில் சுற்றிக்கொண்டு ராடைப் பக்கவாட்டில் சீராக இழுத்தாலே ஏறிவிடும். ஏழு அடி மீடியம்-லைட் ஸ்பின்னிங் ராட், 2500 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு), அதன் முன்னால் லூர் பக்கம் 6 அல்லது 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு போதும். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற ரீலின் டிராக்கைத் தளர்வாகவே வையுங்கள்.

கேள்வி: பெட்டிக்குள் லூர்கள் உருகி ஒட்டிக்கொண்டன!

எலாஸ்டெக் என்ற, நன்றாக நீளும் பொருளில் செய்த லூரையும் சாதாரண பிளாஸ்டிக் லூரையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள், இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரியும். எலாஸ்டெக் லூர் வாங்கிய பையிலேயே இருக்கட்டும். ஜிக்கில் கோக்கும்போது ஒரு துளி சூப்பர் குளூ ஜெல் வைத்தால் நழுவாது, ஒரே லூரில் நிறைய மீன் பிடிக்கலாம். கிழிந்துபோனதைத் தயவுசெய்து தண்ணீரில் வீசாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள், மீன் விழுங்கினால் அது வயிற்றில் செரிக்காது.