கிழிந்த ஜவ்வும் மாநிலப் போட்டியும் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

மல்யுத்தம், ஜூடோ ஆடுபவர்களின் காயங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஜூடோ. போன மாதம் பயிற்சியில் எதிரே ஆடிய பெண் பக்கவாட்டில் வந்து இவளைப் பின்னால் சாய்த்தபோது, ஊன்றிய கால் மேட்டிலேயே (ஜூடோ ஆடும் விரிப்பிலேயே) நின்றுவிட, முட்டி உள்பக்கமாக மடங்கிவிட்டது. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். ராத்திரிக்குள் முட்டி வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு முழுக்கக் கிழிந்திருக்கிறது, மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு மெத்தையிலும் சின்னக் கிழிசல் என்று வந்திருக்கிறது. எலும்பு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். என் அண்ணன் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டால் போதும் என்கிறார். ஆபரேஷன் ஆனால் ஐந்தாவது மாதம் மேட்டில் இறங்கிவிடலாம், மாநிலப் போட்டிக்கு நேரம் இருக்கிறது என்கிறார் மாஸ்டர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அந்தச் சான்றிதழ் உதவும். என் மனைவியோ ஜூடோவே வேண்டாம் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

எஸ்., சேலம்.

அன்புள்ள எஸ்.,

நான் பிசியோதெரபிஸ்ட். கத்தி பிடிப்பவன் அல்ல, ஆபரேஷன் முடிந்து வருபவர்களை மறுபடி நடக்கவும் ஓடவும் விழவும் வைப்பவன். உங்கள் மகளின் முட்டியைக் கையால் பார்க்காமல் அதற்கு இதுதான் வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் புத்தூர். அண்ணனுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? புத்தூர்க் கட்டைக் கேலி செய்யும் ஆள் நான் இல்லை. எலும்பு விலகாமல் முறிந்து, அசையாமல் வைத்திருந்தாலே போதும் என்கிற நிலையில், மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் மாவுக்கட்டு போட்டாலும் அது தானாகக் கூடிவிடும். ஜப்பானிய ஜூடோ வீரர் யசுஹிரோ யமஷிதாவுக்கு 1980-இல் தேசியப் போட்டியில் சுமியோ எண்டோ போட்ட கானி-பசாமி என்ற கத்தரிப் பிடியில் ஃபிபுலா எலும்பு முறிந்தது. அடுத்த வருஷமே அவர் உலக சாம்பியன், 1984-இல் ஒலிம்பிக் தங்கம். அந்தப் பிடியைத்தான் பிறகு போட்டிகளில் தடை செய்துவிட்டார்கள்.

உங்கள் மகளுக்கு முறிந்தது எலும்பு அல்ல. ஏ.சி.எல். மூட்டுக்குள், மூட்டு நீருக்கு நடுவே இருக்கும் நார். அறுந்த முனைகளுக்கு இடையில் ரத்தம் உறைந்து நின்றால்தான் அங்கே புதுத் திசு வளரும். அந்த நீர் அதை நிற்க விடுவதில்லை. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே முழுக்க அறுந்த முனைகள் பழையபடி சேர்வது அபூர்வம். வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் முட்டி விறைத்துப்போகும், தொடைத் தசை கண்ணுக்குத் தெரிய வற்றிவிடும். அதற்குப் பிறகு ஆபரேஷனுக்குப் போனாலும் கஷ்டம், போகாவிட்டாலும் கஷ்டம். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏ.சி.எல். கிழிந்த எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா என்றால், இல்லை. 2010-இல் ஸ்வீடனில் இருந்து வந்த ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. 121 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்று பார்த்தார்கள். இரண்டாவது பிரிவில் இருந்த 59 பேரில் முதல் இரண்டு வருஷத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 23 பேர்தான். இரண்டு பிரிவினரின் முட்டியும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தது. ஆனால் அதில் உச்சமட்டப் போட்டி வீரர்கள் இல்லை. ஒற்றைக் காலில் நின்று சுழல்வதும், அந்தக் காலை இன்னொருத்தி வந்து வாருவதும்தான் ஜூடோ. மறுபடி மேட்டில் இறங்குவது என்றால் உங்கள் டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேட்டுக்கே போவதில்லை என்றால், மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று அவரிடமே கேளுங்கள். மெனிஸ்கஸ் கிழிசலையும் கணக்கில் வைத்துத்தான் அவர் பதில் சொல்வார். ஒன்றே ஒன்று: முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

முட்டி பூட்டிக்கொள்ளாதவரை அவசரமும் வேண்டாம். வீக்கம் வற்ற வேண்டும். படுத்த நிலையில் அந்தக் கால் மற்றக் காலைப் போலவே முழுக்க நீள வேண்டும். தொடைத் தசையை இறுக்கி, முட்டி மடங்காமல் காலைத் தூக்க முடிய வேண்டும். வீங்கிய, மடங்கி நிற்கும் முட்டியோடு ஆபரேஷன் மேஜைக்குப் போனால் அது மறுபடி நீளவே மாசக்கணக்கில் ஆகலாம். ஆகவே பிசியோ ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஆரம்பிக்கட்டும்.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, புது நாருக்கு எங்கிருந்து தசைநாண் எடுக்கப்போகிறார் என்பது. நம் ஊரில் பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து எடுப்பார்கள். தழும்பு சின்னது, முட்டியின் முன்பக்கம் வலி குறைவு. ஆனால் முட்டியை மடக்கி இழுக்கும் பலம் அதில்தான் இருக்கிறது. எதிராளியின் காலை உள்ளிருந்து கொக்கி போட்டு வாருவதற்கும், தரையில் கிடந்து அவளைக் காலால் வளைத்துப் பிடிப்பதற்கும் அதே தசைதான் வேண்டும். முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணை எடுத்தால் அந்தப் பலம் மிஞ்சும், ஆனால் மண்டியிடும்போது வலிக்கும். ஜூடோ வகுப்பில் வணக்கம் வைப்பதே பெரும்பாலும் மண்டியிட்டுத்தான். தரைப்பிடியில் பாதி நேரம் முட்டியில்தான் ஓடுகிறது. சில்லுக்கு மேலே, தொடையின் முன்பக்கத்து குவாட்ரிசெப்ஸ் தசைநாணிலிருந்து எடுப்பதும் இப்போது அதிகமாகிவருகிறது. எதிலும் ஒரு நஷ்டம் உண்டு. டாக்டருக்குக் கைவந்த முறை எது என்பதும் பெரிய விஷயம். “பெண் ஜூடோ ஆடுகிறாள், இன்னின்ன மாதிரி காலைப் பயன்படுத்துகிறாள்” என்று சொல்லிக் கேளுங்கள். பல டாக்டர்களுக்கு கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் தெரிந்த அளவுக்கு ஜூடோ தெரிந்திருக்காது. அது அவர்கள் குற்றமில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி மாஸ்டர் சொன்ன ஐந்து மாதம். இதில்தான் எனக்கு உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது, அவரோடும்.

வைத்த நாளில் அந்தத் தசைநாண் உறுதியானதுதான். அப்புறம் அதிலுள்ள செல்கள் செத்து, புது ரத்தக்குழாய்கள் நுழைந்து, உடம்பு அதை மெல்ல ஒரு நாராக மாற்றிக் கட்டுகிறது. அந்த மாற்றத்தின் நடுவில், இரண்டு மூன்று மாத வாக்கில், அது வைத்த நாளைவிடப் பலவீனமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால் அப்போதுதான் வலி போயிருக்கும், வீக்கம் வற்றியிருக்கும், பெண் படியில் தடதடவென்று இறங்குவாள். வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரம் அது. ஐந்தாவது மாதத்திலும் அந்த வேலை முடிந்திருக்காது. 2016-இல் வெளியான ஒரு நார்வே ஆய்வின்படி, ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயப்படும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த மாதிரி விளையாட்டுக்குத் திரும்பும்போது, ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மற்ற முட்டியிலோ மறுபடி கிழிகிறது என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு. உங்கள் மகள் அந்த வயதுக்குள்தான் இருக்கிறாள்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டை உதாரணம் காட்டுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 2016 ஆகஸ்ட் 17, ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் வலது முட்டி போய் ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். 2017 மே மாதம் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. கிட்டத்தட்ட ஒன்பது மாதம். 2023-இல் இடது முட்டி. ஆகஸ்ட் 17 அன்று மும்பையில் ஆபரேஷன், அடுத்த மார்ச்சில் தேர்வுப் போட்டியில் இறங்கிவிட்டார். ஏழு மாதம்! ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில், டோக்கியோவில் தங்கம் வென்ற ஜப்பானின் யூய் சுசாகியைத் தோற்கடித்தார். இதைப் பார்த்துவிட்டு ‘அவரால் முடிந்தது’ என்று சொல்லாதீர்கள். அவர் இரண்டு உலக சாம்பியன்ஷிப் பதக்கம் வாங்கிய, ஒலிம்பிக் கடைசி வாய்ப்பாக இருக்கலாம் என்று தெரிந்த, தனக்கென்று பிசியோ வைத்திருந்த வளர்ந்த பெண். தெரிந்தே எடுத்த ஆபத்து அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா முட்டிக் கட்டை அவிழ்த்துவிட்டு வெண்கலத்துக்கு ஆடியதும் அப்படித்தான். நம் செய்தித்தாள்கள் இந்தக் கதைகளை வீரம் என்று கொண்டாடுவதில் எனக்கு எப்போதும் எரிச்சல். பிளஸ் டூ பிள்ளைகளும் அவற்றைப் படிக்கிறார்கள்.

மாதத்தைவிட முக்கியம், அந்த மாதங்களில் என்ன செய்கிறாள் என்பது. நம் ஊரில் பிசியோ பெரும்பாலும் ஓட ஆரம்பித்ததோடு முடிந்துவிடுகிறது. ஓடுகிறாள், குதிக்கிறாள், சரி, மேட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுகிறோம். ஓட்டத்தில் அவள் கால் அவள் சொன்னபடி கேட்கும். ஜூடோவில் இன்னொருத்தி அவள் உடையைப் பிடித்து, அவள் நினைக்காத நேரத்தில், நினைக்காத பக்கம் தள்ளுவாள். முட்டி கிழிந்ததே அப்படித்தானே? ஓட்டத்துக்கும் ராண்டோரிக்கும் (எதிராளியோடு ஆடும் பயிற்சி ஆட்டத்துக்கும்) நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்கவே இரண்டு மூன்று மாதம் வேண்டும். அதை பிசியோவும் மாஸ்டரும் சேர்ந்து செய்ய வேண்டும், தனித்தனியாக முடியாது.

நான் செய்யும் வரிசை இப்படி இருக்கும். முதலில் விழப் பழகுவது. படுத்த நிலையிலிருந்து உகெமி (அடிபடாமல் விழும் முறை), பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. ஆறு வருஷம் ஆடியவளுக்கு இது அவமானமாக இருக்கும், அழுதாலும் அழுவாள். செய்யட்டும். அதோடு அசையாத துணையோடு உச்சிகோமி (தூக்கிப் போடாமல் வீச்சுக்குள் நுழைவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது), முதலில் நல்ல காலை ஊன்றி, பிறகு ஆபரேஷன் ஆன காலை ஊன்றி. துணை நகர ஆரம்பித்த பிறகு பஞ்சு மெத்தையில் தூக்கிப் போடுவது. தான் போடுவது எளிது, போடப்படுவதுதான் கடினம். நம்பிக்கையான ஒரு சீனியர், எந்த வீச்சு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட வேண்டும். கொஞ்ச நாள் கழித்து இரண்டில் ஒன்று என்று மட்டும் சொல்லிவிட்டுப் போட வேண்டும். அப்புறம் சொல்லாமல். இந்த இடத்தில் நான் முட்டியைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பேன். வீச்சு வருவதற்கு முன்பே உடம்பு விறைத்தால், அந்த வாரம் ஒரு படி கீழே. தரைப்பிடியில் காலைப் பிடித்துத் திருகக்கூடாது என்ற நிபந்தனையோடு ஆடலாம். நின்று ஆடும் ராண்டோரி கடைசியில்தான், அதுவும் முதலில் ஒத்த எடையில், தெரிந்த பெண்ணோடு. பக்கவாட்டிலிருந்து பின்னால் உட்கார்ந்து இழுக்கும் தானி-ஓட்டோஷி, ஊன்றிய காலை வெளியிலிருந்து வாரும் ஓசோட்டோ-கரி என்ற வீச்சுகள் இரண்டும் எல்லாவற்றுக்கும் பிறகு.

உலோகக் கம்பி வைத்த முட்டிப் பட்டையைப் போட்டுக்கொண்டு ஆடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஜூடோ போட்டியில் கெட்டியான பொருளோ உலோகமோ உடம்பில் இருக்கக் கூடாது. அதை நம்பித் தயார் செய்யாதீர்கள்.

இன்னொன்று, எடை. அசையாமல் இருக்கும் மாதங்களில் எடைப்பிரிவு போய்விடும் என்று பயந்து சாப்பாட்டைக் குறைக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வற்றிய தொடைத் தசையைத் திரும்பக் கட்ட வேண்டிய நேரத்தில் முட்டையும் பருப்பும் பாலும் குறையக் கூடாது. எடைப்பிரிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டாவுக்கு, இதுவரை வாங்கிய சான்றிதழ்களில் எவை செல்லும் என்று பள்ளியின் பி.டி. சாரிடம் இப்போதே உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடுங்கள். இந்த வருஷ மாநிலப் போட்டி அவளுக்கு இல்லை. அதை நீங்கள்தான் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும், மகளைச் சொல்ல வைக்காதீர்கள். உங்கள் மனைவியின் கேள்விக்கு இன்று பதில் தேவையில்லை. ஆபரேஷன் செய்துகொண்டால், ஜூடோ ஆடினாலும் ஆடாவிட்டாலும் முதல் ஆறு மாதப் பயிற்சி ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகு மகளிடம் கேளுங்கள், அம்மாவும் கூட இருக்கட்டும்.

பிசியோ தேடும்போது, இரண்டு தொடையின் பலத்தையும் கருவி வைத்து அளந்து எண்ணாகச் சொல்கிறாரா என்று விசாரியுங்கள். காயப்பட்ட கால் மற்றக் காலில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். கருவி இல்லை என்றால் ஜிம்மில் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் ஒவ்வொரு காலாக எவ்வளவு எடை தூக்குகிறாள் என்று பார்த்து எழுதி வைத்தாலும் ஓரளவு தெரியும். அதையும், எப்போது ஆரம்பிக்கலாம், எந்தக் கோணம்வரை நீட்டலாம் என்று பிசியோ சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும். கையை வைத்து அமுக்கிப் பார்த்து “நல்லா இருக்கு” என்பவரிடம் போகாதீர்கள்.